எத்தனையாவது தலைமுறை?

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் கச்சேரிப் பதிவுகளைச் சேர்ப்பவர்கள் இருவர் பேசத் தொடங்கினால் முதலில் கேட்டுக்கொள்வது, "எந்தத் தேதிக் கச்சேரி வைத்திருக்கிறீர்கள்?" என்பது. அடுத்த கேள்வி, "எத்தனையாவது தலைமுறை?" என்பது. தேதி தவறாக இருந்தால் பாடல் வரிசையை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். தலைமுறை விவரம் அப்படியல்ல. படியெடுத்துக் கொடுத்தவர் சொன்னால்தான் உண்டு. அவர் அறியாமல் தவறாக எழுதியிருந்தாலும், தன் பிரதியின் மதிப்பைக் கூட்டுவதற்காக அறிந்தே எழுதியிருந்தாலும், அந்தப் பிழை அவருக்குப் பின் படியெடுக்கும் அத்தனை பேரிடமும் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு பதிவின் ஒலி எப்படி இருக்கிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதை முதலில் கேளுங்கள் என்று புதிதாகச் சேர்க்க வருபவர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

கச்சேரி அரங்கில் நேரடியாகப் பதிவான நாடாதான் மாஸ்டர். அதிலிருந்து எடுத்த படி முதல் தலைமுறை, அந்தப் படியிலிருந்து எடுத்தது இரண்டாம் தலைமுறை என்று கணக்கு போகும். கேசட்டில் ஒவ்வொரு படிக்கும் நாடாவின் இரைச்சல் ஒரு அடுக்கு கூடும். சிம்பலின் ஒலிபோன்ற மேல் அலைவரிசைகள் மங்கும். படியெடுக்கும் இரண்டு கேசட் டெக்குகளின் வேகத்திலும் சிறு வேறுபாடு இருந்தால் சுருதியும் நகரும். இரண்டாம் தலைமுறையை மகிழ்ச்சியோடு கேட்கலாம். ஐந்து, ஆறு என்று போகும்போது பேஸ் கிதாரும் டிரம்ஸும் ஒரே மூட்டமாகிவிடும். பாடுபவர் பக்கத்து அறையில் இருப்பதுபோல் தோன்றும். ஆனாலும் வேறு பிரதி கிடைக்காத காலத்தில் அந்த ஆறாம் தலைமுறையைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டோம்.

குழுவின் கிதார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்ட் 9 அன்று இறந்த பிறகே நான் சேர்க்கத் தொடங்கினேன். ஆகவே இந்தக் குழுவின் ஒரு கச்சேரியையும் நேரில் கேட்டதில்லை. எனக்கு அவர்கள் முழுக்க முழுக்கப் பதிவுகளில் இருப்பவர்கள். வேறு யாரோ தன் ஒலிவாங்கியை உயர்த்திப் பிடித்ததால் எனக்குக் கிடைத்தவர்கள். இந்த நன்றியுணர்வு இல்லாமல் ஒரு கேசட்டையும் என்னால் டெக்கில் போட முடிந்ததில்லை.

1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய குழு, முப்பது ஆண்டுகளில் 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகளை நடத்தியிருக்கிறது. எந்த இரண்டு இரவுகளிலும் ஒரே பாடல் வரிசை இருக்காது. ஒரே பாடல்கூட ஓரிரவு பத்து நிமிடம் போகும், மற்றோர் இரவு அரை மணி நேரத்தைத் தாண்டும். 1972 ஆகஸ்ட் 27 அன்று ஓரிகன் மாநிலத்தின் வெனிட்டா என்ற ஊரில் அவர்கள் வாசித்த "டார்க் ஸ்டார்" அப்படிப்பட்டது. ஸ்டூடியோவில் பதிவு செய்து 1968இல் வெளியிட்ட அதே பாடல் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. ஸ்டூடியோ ஆல்பங்களை மட்டும் கேட்டுவிட்டு இந்தக் குழு ஏன் இவ்வளவு கொண்டாடப்படுகிறது என்று வியப்பவர்களுக்கு என்னால் தர முடிந்த ஒரே விடை, ஒரு நல்ல இரவின் பதிவை அவர்கள் கையில் கொடுப்பதுதான்.

குழுவினரே தொடக்கத்திலிருந்து தங்கள் கச்சேரிகளைப் பதிந்து வந்தார்கள். ஒலியமைப்பாளராக இருந்த ஔஸ்லி ஸ்டான்லி, தன் ஒலியமைப்பு எங்கே சரியாக இருந்தது, எங்கே தவறியது என்று பிறகு கேட்டுத் திருத்திக்கொள்வதற்காக ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் மேசையிலிருந்து நாடாவில் பிடித்து வைத்தார். இன்று நாம் கேட்கும் 1960களின் இறுதிக்காலக் கச்சேரிகள் பல, இப்படி ஒரு தொழிலாளி தன் வேலையைச் சோதித்துக்கொள்ள எடுத்த பதிவுகள்தாம். இன்னொரு பக்கம், ரசிகர்கள் ஒலிவாங்கிகளைச் சட்டைக்குள் ஒளித்து எடுத்துச் சென்று பதியத் தொடங்கினார்கள். 1970களின் தொடக்கத்திலேயே நியூயார்க் பகுதியில் நாடாக்களைப் பரிமாறிக்கொள்ளும் குழுக்கள் தோன்றிவிட்டன. 1974இல் வெளிவரத் தொடங்கிய "ரெலிக்ஸ்" இதழ், நாடா மாற்றிக்கொள்பவர்களுக்கான செய்திமடலாகப் பிறந்ததுதான். வாசித்து முடித்த இசை கேட்டவர்களுக்கே உரியது என்ற எண்ணம் கார்சியாவுக்கு இருந்தது. அவர் அதை வெளிப்படையாகவும் சொன்னதால், ரசிகர்களின் பதிவை மற்ற பெரிய குழுக்கள் துரத்தித் துரத்திப் பிடித்த காலத்தில் இவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள்.

ஆனால் பதிபவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. உயரமான தண்டுகளில் பொருத்திய ஒலிவாங்கிகள் அரங்கின் நடுவே காடுபோல் நின்று மற்ற ரசிகர்களின் பார்வையை மறைத்தன. 1984 அக்டோபரில், பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டரில் நடந்த கச்சேரிகளின்போது, மிக்ஸர் மேசைக்குப் பின்னால் டேப்பர்களுக்கென்று (பதியும் ரசிகர்களை அப்படித்தான் அழைப்பார்கள்) தனி இடம் ஒதுக்கப்பட்டது. அதன் பிறகு அந்தப் பகுதிக்குத் தனி டிக்கெட்டே வந்தது. விதித்த நிபந்தனை ஒன்றுதான்: பதிவை விற்கக் கூடாது. ஒரு ராக் குழு தன் கச்சேரியைப் பதிபவர்களுக்கு இருக்கை ஒதுக்கிக் கொடுத்தது அன்று எவ்வளவு அசாதாரணமான செயல் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். பதிவுகள் பரவினால் டிக்கெட் விற்பனை குறையும் என்பதுதான் தொழிலில் பொதுவாக இருந்த அச்சம். இவர்களுக்கோ, கேசட்டில் கேட்டவன் அடுத்த ஆண்டு அரங்க வாசலில் வந்து நின்றான்.

டேப்பரின் வேலை எளிதானது அன்று. 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடந்தான் ஓடும். இந்தக் குழுவின் இரண்டாம் செட்டிலோ, அதாவது இடைவேளைக்குப் பிந்தைய பகுதியிலோ, ஒரு பாடல் முடியாமலே அடுத்த பாடலுக்குள் போய்விடும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளியே இருக்காது. எனவே நாடா முடியும் நேரத்தை மனத்தில் கணக்கிட்டுக்கொண்டு, முப்பத்தெட்டாம் நிமிடத்தில் கிதாருக்குச் சுருதி கூட்டச் சில நொடி நிறுத்தினார்கள் என்றால், மிச்சமிருக்கும் ஏழு நிமிட நாடாவைத் தியாகம் செய்து அப்போதே கேசட்டைத் திருப்பிப் போட வேண்டுமா, பொறுத்திருக்க வேண்டுமா என்று இருட்டில் முடிவெடுக்க வேண்டும். பொறுத்திருந்தவர்களின் நாடாக்களில், கார்சியாவின் கிதார் மேலேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பதிவு சட்டென்று அறுந்து, சில நொடிகளைத் தொலைத்துவிட்டு, வேறோர் இடத்தில் மறுபடி தொடங்கும். நல்ல டேப்பர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் "நீங்கள் எப்போது திருப்பப் போகிறீர்கள்?" என்று கேட்டு வைத்துக்கொண்டு தங்கள் நேரத்தை மாற்றிக்கொள்வார்கள், பிறகு இரண்டு நாடாக்களையும் சேர்த்தால் விடுபட்ட இடம் நிறைந்துவிடும். சோனி டிசி-டி5எம் போன்ற, தோளில் தொங்கவிடக்கூடிய ரெக்கார்டரும் நாகமிச்சி ஒலிவாங்கிகளும் வைத்திருந்தவர்களின் பதிவுகளை நாங்கள் தேடித் தேடி வாங்கினோம். இந்தப் பெயர்கள் எங்களிடையே உபகரணங்களின் பெயர்களாக இல்லை, நம்பிக்கையின் பெயர்களாகவே வழங்கின.

"வாங்கினோம்" என்றேன், பணம் கொடுத்து அல்ல. கேசட்டுக்குக் கேசட் என்பதுதான் கணக்கு. என்னிடம் உள்ள கச்சேரிகளின் பட்டியலை நான் அனுப்புவேன், நீங்கள் உங்கள் பட்டியலை அனுப்புவீர்கள், இருவரும் இரண்டிரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்வோம். கொடுக்க ஒன்றுமே இல்லாத புதியவர், வெற்றுக் கேசட்டுகளையும் திருப்பி அனுப்புவதற்கான தபால்தலைகளையும் ஓர் உறையில் வைத்து அனுப்பினால், எதிர்பார்ப்பு ஏதுமில்லாமல் பதிந்து அனுப்பும் மனிதர்கள் நிறைய இருந்தார்கள். என் முதல் பத்துக் கச்சேரிகள் அப்படி வந்தவைதாம். தபால் செலவு குறைய வேண்டும் என்பதற்காகப் பிளாஸ்டிக் பெட்டிகள் இல்லாமல் வெறும் கேசட்டுகளாகவே அனுப்புவது வழக்கம். அட்டை மட்டும் மடித்து உள்ளே இருக்கும்.

ஒரு நல்ல மாஸ்டர் கிடைத்துவிட்டால் அதை எல்லோருக்கும் கொண்டுபோக "மரம்" போடுவார்கள். மாஸ்டர் வைத்திருப்பவர் வேர். அவர் ஐந்து பேருக்குப் பதிந்து கொடுப்பார், அந்தக் கிளைகள் ஒவ்வொன்றும் இன்னும் ஐந்து பேருக்கு, அதற்கடுத்து இலைகள். யாருக்கும் மூன்றாம் தலைமுறைக்குமேல் போகாமல் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரு கச்சேரி போய்ச்சேர இதைவிட நேர்த்தியான ஏற்பாடு இருந்திருக்க முடியாது. கிளையாக இருப்பவர் செய்யக் கூடாதவை சில உண்டு: விரைவுப் பதிவு கூடாது, இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதி கூடாது, பதியும் முன் நாடாவைத் தொடும் ஹெட்டைத் துடைக்காமல் இருக்கக் கூடாது. மூன்று மணி நேரக் கச்சேரியை ஐந்து பேருக்குப் பதிந்து கொடுக்கப் பதினைந்து மணி நேரம் ஆகும். அந்தப் பதினைந்து மணி நேரமும் பதிபவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார் என்பதால், ஒவ்வொரு கிளையும் அந்தக் கச்சேரியை மனப்பாடமாக அறிந்தவராகிவிடுவார்.

சேகரிப்பாளர்கள் ஓயாமல் விவாதிக்கும் விஷயம் ஒன்று உண்டு: சவுண்ட்போர்ட் பதிவா, ரசிகர்கள் நடுவிலிருந்து ஒலிவாங்கியால் எடுத்த ஆடியன்ஸ் பதிவா? மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த சவுண்ட்போர்ட் பதிவு தெளிவாக இருக்கும் என்பதால் பலரும் அதையே விரும்புவார்கள். நானும் முதல் சில ஆண்டுகள் ஆடியன்ஸ் பதிவு என்றாலே ஒதுக்கினேன். அது தவறு. மேடையில் ஏற்கெனவே சத்தமாக ஒலிக்கும் கிதார் ஆம்ப்ளிஃபயரை அரங்கத்து ஒலிபெருக்கிகளுக்கு அதிகமாக அனுப்பத் தேவையில்லை. ஆகவே சிறிய அரங்குகளில் எடுத்த சவுண்ட்போர்ட் பதிவுகளில் குரல் முன்னால் நிற்க, கிதார் மெலிந்து கிடக்கும். அரங்கில் இருந்தவர்கள் கேட்டது அதுவல்ல. நல்ல இடத்தில் நின்று எடுத்த ஆடியன்ஸ் பதிவில் பேஸ் கிதாரின் ஒலி கூரையைத் தொட்டுத் திரும்புவதும், முதல் இரண்டு சுரங்களிலேயே பாடலை அடையாளம் கண்டுகொண்டு கூட்டம் எழுப்பும் ஆரவாரமும் சேர்ந்து கேட்கும். இரண்டையும் கணினியில் பொருத்திக் கலந்தெடுக்கும் மேட்ரிக்ஸ் பதிவுகள், பொறுமையாகச் செய்யப்பட்டிருந்தால், எனக்கு மிகவும் பிடிக்கும்.

1977 மே 8 அன்று, இத்தாக்கா நகரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரியைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. குழுவின் மிகச்சிறந்த கச்சேரி இதுதானா என்ற சண்டை இன்றும் நடக்கிறது. என் கருத்து, அந்த வசந்தகாலச் சுற்றுப்பயணத்தில் இதற்கு இணையானவை இன்னும் சில உண்டு என்பது. ஆனால் "ஸ்கார்லெட் பிகோனியாஸ்" பாடலிலிருந்து "ஃபயர் ஆன் த மவுன்டன்" பாடலுக்குள் அவர்கள் நுழையும் இடத்தை, எது முடிந்தது எது தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டு தாளங்களும் ஒன்றின் மேல் ஒன்று படியும் அந்த நிமிடங்களை, வேறெங்கும் நான் இவ்வளவு நிறைவாகக் கேட்டதில்லை. அந்தக் கச்சேரியின் புகழுக்கு வாசிப்பு மட்டும் காரணமல்ல, பதிவும் காரணம். குழுவோடு பணியாற்றிய ஒலிப்பொறியாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் எடுத்தது அது. சேமிப்புக் கிடங்கின் வாடகை கட்டப்படாததால் அவருடைய நாடாச் சுருள்கள் 1986இல் ஏலத்துக்குப் போயின. வாங்கியவர்கள் சிலரிடமிருந்து அவை மெல்ல வெளிவந்து, "பெட்டி போர்ட்ஸ்" என்ற பெயரில் பரவியபோது, அவ்வளவு துல்லியமான பதிவை டேப்பர் உலகம் அதற்கு முன் அதிகம் கேட்டதில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2011ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்தக் கச்சேரியைச் சேர்த்தது. முறையான வெளியீடாக அது கடைக்கு வந்தது 2017 மே மாதத்தில்தான். நாற்பது ஆண்டுகள் அதைச் சுமந்தவை கைமாறிய நாடாக்களே.

என் வாழ்வில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1990களின் இறுதியில், 1980களின் நடுப்பகுதியைச் சேர்ந்த ஓர் ஆடியன்ஸ் பதிவு எனக்கு வந்தது. அட்டையில் "முதல் தலைமுறை" என்று இருந்தது. அதை நம்பி, "இரண்டாம் தலைமுறை" என்று எழுதிப் பதினொரு பேருக்குப் பதிந்து அனுப்பினேன். ஓராண்டு கழித்து அதே கச்சேரி வேறொருவரிடமிருந்து வந்தது. அவர் தன்னுடையது மூன்றாம் தலைமுறை என்று எழுதியிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது முதலில் தெரிந்தது, இரண்டிலும் இரண்டாம் செட்டின் ஒரே இடத்தில் இடது பக்க ஒலி ஒரு கணம் அமுங்கி எழுவது. இரண்டும் ஒரே மாஸ்டரின் வழிவந்தவை என்பதற்கு அது சான்று. பழைய சுவடிகளை ஒப்பிடுபவர்கள், இரண்டு ஏடுகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால் இரண்டுக்கும் மூல ஏடு ஒன்றே என்று கண்டுபிடிப்பார்கள் அல்லவா, அதே வழிதான்.

பிறகு நாடாவின் தொடக்கத்தைக் கேட்டேன். படியெடுக்கத் தொடங்கும்போது டெக் ஒரு சிறு "டிக்" ஒலியை நாடாவில் பதித்துவிடுவதுண்டு. அதிலிருந்து மறுபடி படியெடுக்கும்போது அந்த ஒலியும் சேர்ந்து படியாகும், புதிய டெக்கின் ஒலி ஒன்று அதற்கு முன்னால் கூடும். அவருடைய கேசட்டில் மூன்று கேட்டன. "முதல் தலைமுறை" என்று அட்டை சொன்ன என் கேசட்டில் ஐந்து கேட்டன. கடைசி இரண்டு, இரைச்சலுக்கடியில், ஹெட்ஃபோனில் மட்டுமே பிடிபடும் அளவுக்குத் தேய்ந்து கிடந்தன. அன்றிரவே பதினொரு பேருக்கும் கடிதம் எழுதினேன். நான் கொடுத்த விவரம் தவறு, அட்டையைத் திருத்துங்கள், உங்களிடமிருந்து பெற்றவர்களுக்கும் தெரிவியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஏழு பேர் பதில் எழுதினார்கள். மற்ற நான்கு கேசட்டுகளின் வழியே அந்தப் பிழை எங்கெங்கே போயிற்று என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

டிஜிட்டல் வந்ததும் தலைமுறைக் கணக்கு ஒழிந்தது என்று பலர் எண்ணினார்கள். கணக்கின் வடிவம்தான் மாறியது. டேட் என்ற டிஜிட்டல் நாடாவிலும் சிடியிலும் படிக்குப் படி இரைச்சல் அதிகரிக்காது என்பது உண்மை. ஆனால் சிடியைப் பாடல் பாடலாக எழுதினால் பாடல்களுக்கு நடுவே இரண்டு நொடி மௌனம் புகுந்துவிடும். பார்ட்டன் ஹாலின் அந்த இரண்டு பாடல்களும் கலக்கும் இடத்தில் இரண்டு நொடி வெறுமை விழுந்த சிடி ஒன்று என்னிடம் வந்தது, முழுதாகக் கேட்க முடியவில்லை. அதைவிடக் கெடுதல், எம்பி3 கோப்பை மறுபடி சிடியாக்கிப் பரப்பியது. காதுக்கு உடனே தெரியாது. அலைவரிசைப் படத்தைப் பார்த்தால் 16,000 ஹெர்ட்ஸுக்குமேல் கத்தரித்ததுபோல் வெறுமையாக இருக்கும். 1998இல் உருவான ஈட்ரீ என்ற அமைப்பு, இழப்பில்லாமல் சுருக்கும் ஷார்ட்டன் கோப்புகளையும், ஒவ்வொரு கோப்பும் மாறாமல் வந்திருக்கிறதா என்று சோதிக்கும் எம்டி5 எண்ணையும், பதிவின் வழித்தடத்தைச் சொல்லும் குறிப்புக் கோப்பையும் கட்டாயமாக்கியது. பின்னர் ஷார்ட்டனின் இடத்தை, அதேபோல் இழப்பில்லாமல் சுருக்கும் ஃபிளாக் பிடித்துக்கொண்டது. கேசட் அட்டையில் நாங்கள் எழுதியதைத்தான் அந்தக் குறிப்புக் கோப்பும் சொல்கிறது: எந்த ஒலிவாங்கி, எந்த ரெக்கார்டர், எத்தனை படி, யார் மாற்றியது.

2002இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் நேரலை இசைக்கென்று தனிப் பகுதி தொடங்கியதும் ஆயிரக்கணக்கான கச்சேரிகள் அங்கே சேர்ந்தன. 2005 நவம்பரில் இந்தக் குழுவின் பதிவுகளைத் தரவிறக்க முடியாதபடி நிறுத்தியபோது ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாள்களில் ஆடியன்ஸ் பதிவுகள் தரவிறக்கத்துக்குத் திரும்பின. சவுண்ட்போர்ட் பதிவுகள் கேட்பதற்கு மட்டும் என்றாயின. அந்த முடிவில் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். குழுவின் ஊழியர் எடுத்த நாடாவும், டிக்கெட் வாங்கி உள்ளே போனவர் தன் கருவியில் எடுத்த நாடாவும் ஒன்றல்ல. முறையான வெளியீடு வந்துவிட்ட கச்சேரியை அதன் பிறகு நான் யாருக்கும் பதிந்து கொடுப்பதில்லை.

இப்போது என் கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றி வருகிறேன். நாடாவைப் பதிந்த டெக்கின் ஹெட் இருந்த கோணத்துக்கு என் டெக்கின் ஹெட்டும் இல்லையென்றால் மேல் அலைவரிசைகள் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு திருகாணியை இம்மி இம்மியாகத் திருப்பி, சிம்பலின் ஒலி திடீரென்று மூடி திறந்ததுபோல் தெளியும் புள்ளியைத் தேட வேண்டும். வேகத்தைச் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால், அரங்கின் மின்கருவிகள் எழுப்பும் ரீங்காரம் பதிவின் அடியில் 60இல் இருக்க வேண்டும், 61.2 என்று காட்டினால் நாடா நூற்றுக்கு இரண்டு பங்கு வேகமாக ஓடுகிறது என்று பொருள். அந்த அளவுக்குக் குறைத்துவிட்டால் கார்சியாவின் குரல் தன் இடத்துக்கு வந்து அமர்ந்துவிடும்.

சென்ற வாரம் மாற்றியது அட்டை தொலைந்துபோன ஒரு கேசட். மேலே பென்சிலில் தேதி மட்டும் இருந்தது, யார் அனுப்பியது என்பதும் நினைவில்லை. பாடல் வரிசை தேதியோடு பொருந்துகிறது. குறிப்புக் கோப்பில் ஒலிவாங்கி என்ற இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதினேன். ரெக்கார்டர், டேப்பர் என்ற இடங்களிலும் அதையே எழுதினேன். தலைமுறை என்ற இடத்தில், "தெரியவில்லை, முதல் பாடலுக்கு முன் நான்கு டிக் ஒலிகள் கேட்கின்றன" என்று எழுதிப் பதிவேற்றினேன்.